ஒரு எழுத்துக்கு ஒரு வாரம்: ‘ப’வைக் காதிலிருந்து கைக்குக் கொண்டுவருவது

“இன்னும் எழுதக் குடுக்கலையா டீச்சர்?”

ஜனவரியில் முன்பள்ளி திறந்து பத்து நாள் ஆவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளையை என் கையில் பிடித்துக் கொடுக்கும் அம்மா யாராவது கேட்பார். முதல்நாள் இரவு கொப்பியைத் திறந்து பார்த்திருப்பார். உள்ளே வெறும் கோடும் கிறுக்கலும். தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், கீழ் டிவிசனில், இருக்கும் பிள்ளை ஒன்று அதற்குள் ‘ஔ’ வரை எழுதிவிட்டதாம்.

அந்தப் பிள்ளை ‘ஔ’ வரை எழுதுவது உண்மைதான், நானே பார்த்தேன். நடுவில் இருக்கும் ‘ஐ’யைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் மட்டும் ‘அ’விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். பாட்டு மனப்பாடம், படம் கைப்பழக்கம். ஓசைக்கும் வடிவத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய கயிறு இன்னும் கட்டப்படவில்லை.

குறை சொல்ல எனக்கு அதிகம் உரிமை இல்லை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இரட்டைக்கோட்டுக் கொப்பியில் முதல் வரியில் ‘அ’ எழுதிக் கொடுத்துப் பக்கம் முழுக்க நிரப்பச் சொல்வேன். ஆறாவது வரிக்கு வரும்போது ‘அ’ உருமாறி ஏதோ பூச்சியாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு பையன் கொப்பியை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, “மழையில நனைஞ்சிருச்சு டீச்சர்” என்றான். அன்று வெளியே நல்ல வெயில்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். முன்பள்ளியில் இருப்பவர்களுக்கும் வீட்டில் சொல்லிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். நாலு வயது தாண்டிய பிள்ளைக்கு இது சரியாக இருக்கும். மூன்று வயதுக்காரருக்கு ஓசை விளையாட்டு மட்டும் போதும், பென்சில் வேண்டாம். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் தரம் 1க்கு எடுப்பார்கள், அங்கேயும் எழுத்தை அடியிலிருந்துதான் தொடங்குவார்கள். 247ஐயும் முடித்து அனுப்பும்படி நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது

விஜயதசமி அன்று கோயிலில் ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறோம். அது சடங்கு, அப்படியே இருக்கட்டும். அதற்காகப் பாடமும் ‘அ’வில் தொடங்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ‘அ’வை உற்றுப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு குத்துக்கோடு. நாலு வயதுக் கைக்கு ஒரே எழுத்தில் நாலு வேலை. ‘இ’ அதைவிடக் கஷ்டம். உயிரெழுத்துகளில் ‘உ’ ஒன்றுதான் பிள்ளைகள்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

நான் ‘ப’வில் தொடங்குகிறேன். முதல் காரணம், இந்த ஓசை எங்கே பிறக்கிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கலாம். இரண்டு உதடும் ஒட்டித் திறக்கிறது, அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்றுதான் சொல்கிறது. ‘ழ’வுக்கு வாயைத் திறந்து காட்டினாலும் நாக்கு எங்கே போனது என்று பிள்ளைக்குத் தெரியாது.

வடிவத்தைப் பார்த்தாலும் ‘ப’ சுலபம். மூன்று நேர்கோடு, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. இடம் வலம் மாற்றி எழுதினாலும் அதே ‘ப’தான், அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதும் பிரச்சினை முதல் எழுத்திலேயே வந்து நம்மைப் பயமுறுத்தாது. சொல்லுக்கும் பஞ்சமில்லை: பல், பனி, படி, பழம், பஞ்சு, பருப்பு, பட்டம், பம்பரம். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம், படங்கு. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுவதுதான். வீட்டுக் கொடியில் எப்போதும் தொங்கும். பாடப்புத்தகப் படம் இல்லாமலே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

‘ட’ இன்னும் எளிதுதானே என்று கேட்கலாம். எழுத எளிது, இரண்டே கோடு. ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் ‘ட’வில் தொடங்காது. ஓசையைச் சொல்லின் தலையில் வைத்துக் காட்டமுடியாத எழுத்தை முதலில் எடுத்தால் காதுக்கு வேலை இருக்காது. அதனால் என் வரிசை ‘ப’, ‘ம’, பிறகு ‘ட’. இந்த மூன்றோடு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொல்லாகவே வாசிக்கலாம். ‘அ’ முதல் ‘ஔ’ வரை பன்னிரண்டையும் படித்த பிள்ளையால் ‘ஆ’ என்ற மாடு, ‘ஈ’ என்ற பூச்சி மாதிரி ஓரிரண்டைத் தவிர ஒரு சொல்லையும் வாசிக்கமுடியாது!

திங்களும் செவ்வாயும்: காது மட்டும்

இந்த இரண்டு நாளும் எழுத்தைக் காட்டுவதில்லை. கரும்பலகை காலி. ஒரு நாளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் இதற்கு எடுப்பதும் இல்லை.

முதலில் சொல்லைத் தட்டிப் பிரிப்பது. ப–னி, இரண்டு தட்டு. ப–ழம், இரண்டு தட்டு. ப–டங்–கு, மூன்று. சேர்ந்து தட்டிய பிறகு, முதல் தட்டில் என்ன கேட்டது என்று கேட்பேன். “ப” என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் தமிழுக்கும் “ப், ப், ப்” என்று வெறும் மெய்யை உச்சரிக்கச் சொல்கிறார்கள். தமிழ்ப் பிள்ளையின் காது சொல்லை அப்படி உடைப்பதில்லை. அது ‘ப’ என்று முழு அசையாகத்தான் கேட்கிறது, நம்முடைய எழுத்தும் அசைக்குத்தான் வடிவம் கொடுக்கிறது. அதனால் முதல் வாரம் ‘ப’ என்ற ஓசையே போதும். புள்ளி வைத்த ‘ப்’ தன் நேரத்தில் வரும்.

அதே காரணத்துக்காக முதல் வாரத்தில் பால், பூ, பெட்டி, பொம்மை எல்லாவற்றையும் தள்ளி வைக்கிறேன். நமக்கு எல்லாம் ‘ப’ வரிசை. பிள்ளைக்கு ‘பூ’ வேறு ஓசை. ‘ப’ என்று சொல்லிவிட்டுப் பூப் படத்தைக் காட்டினால் அது குழம்புவது நியாயம்தானே. கடையில் விற்கும் எழுத்து அட்டைகளில் இந்தத் தவறு நிறைய இருக்கிறது. வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது கூடை விளையாட்டு. சின்னக் கூடை ஒன்றில் பஞ்சு, பருப்பு, பம்பரம், பத்து ரூபாய்க் குற்றி, கூடவே கல், சீப்பு, தேயிலை இலை, கரண்டி. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி, ‘ப’வில் தொடங்கினால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பம்பரத்தை யார் எடுப்பது என்று சண்டை வரும். இரண்டு பம்பரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரளவு பிடிபட்ட பிறகு ஒலி நெருங்கிய சொற்களுக்குப் போகலாம். பல்–கல். பட்டம்–வட்டம். பணம்–மணம். “பட்டம் சொன்னா எழும்பு, வட்டம் சொன்னா உக்காரு.” வேகத்தைக் கூட்டினால் சிரிப்பு தாங்காது. இதில் தடுமாறும் பிள்ளையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் நாள் வாய். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்து ‘ப’ சொல்லும்போது உதடு என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்வேன். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ப’ சொல்லவேண்டும். வரும். அதே மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு “ம்ம்ம்” என்று இழுக்கச் சொன்னால் வராது, அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உதடு ஒட்டினாலும் ‘ம’வுக்குக் காற்று மூக்கால் போகிறது. கண்ணாடியை மூக்குக்கு அடியில் பிடித்து “ம்ம்ம்” சொன்னால் ஆவி படியும். எங்கள் ஊர்க் குளிரில் இது நன்றாகவே தெரியும். அடுத்த வாரத்து ‘ம’வுக்கு இன்றே பாதி வேலை முடிந்துவிட்டது.

வீட்டில் தாத்தாவோ அப்பாயியோ “பானா” என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனா, ஆவன்னா, கானா, பானா எல்லாம் எழுத்தின் பெயர்கள். பெரியவர்கள் அப்படித்தான் படித்தார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் பானாவையும் டானாவையும் சேர்த்தால் பிள்ளைக்கு ‘பட’ வராது, ‘பானாடானா’தான் வரும். வாசிக்கப் பழகும் வரை ஓசையை மட்டும் சொல்லுங்கள் என்று பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

புதன்: கண்ணும் உடம்பும்

புதன்கிழமைதான் ‘ப’ முகம் காட்டும். கரும்பலகை உயரத்துக்குப் பெரிதாக ஒன்று எழுதி, “நேத்தும் முந்தாநாளும் கேட்டோமே, அது இவர்தான்” என்று அறிமுகம் செய்வேன். பக்கத்தில் படம் எதுவும் வரைவதில்லை. படம் இருந்தால் பிள்ளை படத்தைத்தான் பார்க்கும்.

எழுதும் வழியைச் சொல்ல எனக்குக் கிடைத்த சொற்கள் எங்கள் மலையே கொடுத்தவை (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு). “லயத்துல இருந்து இறங்கு. ரோட்டுல நட. ஸ்கூலுக்கு ஏறு.” கீழ்நோக்கி ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, மேல்நோக்கி ஒரு கோடு. சமதரையில் வளரும் பிள்ளைக்கு இது எப்படிப் படுமோ தெரியாது. இங்கே தினமும் செய்வதே இதுதான் என்பதால் ஒரே தடவையில் பதிந்துவிடுகிறது. ‘ட’வுக்கு “இறங்கு, நட”, அத்தோடு சரி. ‘ம’வுக்கு “இறங்கு, நட, ஏறு, வளைஞ்சு திரும்பி நடுரோட்டுக்கே இறங்கு.”

முதலில் நடை. சிமெந்துத் தரையில் சோக்கால் மூன்று முழத்துக்கு ஒரு ‘ப’ போட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்து, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே நடக்கவேண்டும். மூலையில் நின்று திரும்பவேண்டும், சுற்றிக்கொண்டு போகக்கூடாது. ஏன் என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.

பிறகு காற்றில் எழுதுவது. பிள்ளைகளைப் பார்த்து நின்றபடி கையை வீசி எழுதிக் காட்டினால் நம்முடைய இடப்பக்கம் அவர்களுக்கு வலப்பக்கம். அவர்கள் அப்படியே தலைகீழ்த் திசையில் பழகிவிடுவார்கள். ‘ப’வில் தெரியாது, ‘ட’வுக்கு வந்ததும் வகுப்பே எழுத்தைத் திருப்பி எழுதும். நான் ஒரு வருடம் பட்டேன். முதுகைக் காட்டி நின்று எழுதுங்கள். பின்னால் என்ன குறும்பு நடக்கிறது என்று பார்க்கமுடியாது, அது ஒரு நட்டம்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ‘ப’ தேடும் வேலை கொடுப்பேன். பதுளை பஸ்ஸின் பெயர்ப்பலகையில் முதலிலேயே நிற்கும். பண்டாரவளை பஸ்ஸிலும் அப்படித்தான். கடைப் பலகை, பருப்புப் பைக்கட்டு, கோயில் அறிவித்தல், எங்கே பார்த்தாலும் சரி. நம்முடைய பலகைகளில் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால், ஆங்கில ‘யூ’வைக் காட்டி “அந்தா ‘ப’ டீச்சர்” என்று சிலர் கத்துவார்கள். அதைத் தவறு என்று சொல்லாமல், “அதுக்கு மூலை இருக்கா பாரு” என்று திருப்பிக் கேளுங்கள்.

வியாழன்: விரல்

பென்சிலுக்கு முன் விரல். தட்டில் மணல் பரப்பச் சொல்வார்கள். மலையில் நல்ல மணலுக்கு எங்கே போவது? தேத்தண்ணி ஊற்றிய தூள் சக்கையை நன்றாகக் காயவைத்தால் அருமையாக இருக்கும். தட்டு வெள்ளையாக இருந்தால் கோடு பளிச்சென்று தெரியும். பூசணம் பிடிக்கும் முன் மாற்றிவிடவேண்டும். மரத்தூளும் சரிவரும்.

வீட்டில் இதைவிட நல்ல சாமான் உண்டு. விடியற்காலையில் அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு எலுமிச்சை அளவு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பாம்பு மாதிரி உருட்டி, இரண்டு இடத்தில் மடித்தால் ‘ப’. அதையே தட்டில் போட்டுச் சுட்டுக் கொடுத்தால் ‘ப’வைக் கடித்துத் தின்றுகொண்டே பள்ளிக்கு வரும். உருட்டுவதும் அழுத்துவதும் விரலுக்கு நல்ல பயிற்சி, தனியாக எதுவும் வாங்கவேண்டியதில்லை. பட்டாணி உரிப்பது, பருப்பில் கல் பொறுக்குவது, பூக் கோர்ப்பது எல்லாமே பென்சில் பிடிக்கத் தயார் செய்யும் வேலைகள்தான்.

பென்சில் பிடிப்பதைச் சொல்லிக் கொடுக்கும்போது நடந்த ஒன்றை இங்கே எழுதவேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க, நடுவிரல் கீழே தாங்கவேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, “அம்மா ரெண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளுறாங்களே, அந்த மாதிரி” என்று சொல்லிவந்தேன். எனக்கு அது பொருத்தமான உவமையாகப் பட்டது, பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாள் ஒரு அம்மா மாலையில் வந்து, “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கொழுந்து கிள்ளுறத மட்டும் எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. அதுக்கு நான் ஒருத்தி போதும்” என்றார். என்னால் பதில் சொல்லமுடியவில்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான்; அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மறுநாளிலிருந்து “உப்புக் கிள்ளுற மாதிரி” என்று மாற்றிக்கொண்டேன். அதுவும் அதே வேலைதான் செய்கிறது.

வெள்ளி: பென்சில்

முதலில் கையைச் சூடாக்குங்கள். நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியலில் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். எட்டு மணிக்கும் விரல் விறைத்துத்தான் இருக்கும். பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று நினைப்போம், உண்மையில் விரல் மடங்கவில்லை. உள்ளங்கையைத் தேய்ப்பது, விரலை மூடித் திறப்பது, தொடையில் தாளம் தட்டுவது. இரண்டு நிமிடம் இதைச் செய்துவிட்டுப் பென்சிலைக் கொடுத்தால் கோடே வேறு மாதிரி வரும். முடிந்தால் எழுத்து வேலையைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள்.

புதுப் பென்சிலைவிடப் பாதியாகக் குறைந்த பென்சில் நல்லது. நீளமான பென்சிலைப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். கட்டையான பென்சிலை, உடைந்த பெஸ்டல் துண்டை அப்படிப் பிடிக்க இடமில்லை, தானாகவே விரல் நுனிக்கு வந்துவிடும். தேய்ந்த பென்சில்களை நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். அக்காமார் அண்ணன்மார் தூக்கிப் போடுவதையும் கேட்டு வாங்குவேன்.

கொப்பி விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ‘ப’, ‘ம’, ‘ட’ மூன்றுக்கும் இரட்டைக்கோட்டைவிடக் கணக்குக்கு வாங்கும் சதுரக்கோட்டுக் கொப்பிதான் சரி. கட்டத்தின் இடப்பக்கம் இறங்கி, அடிப்பக்கம் நடந்து, வலப்பக்கம் ஏறினால் ‘ப’. மூலை தானாகக் கூராக வரும். கட்டம் சின்னதாக இருந்தால் நாலு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுங்கள். தொடங்கும் மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று. வளைவு எழுத்துகள் வரும்போது இரட்டைக்கோட்டுக்கு மாறலாம்.

நீங்கள் முதலில் ஒன்று எழுதிக் காட்டுங்கள், “இறங்கு, நட, ஏறு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, மெதுவாக. அடுத்தது பிள்ளை உங்கள் கோட்டின்மேல் எழுதட்டும். பிறகு தனியாக ஐந்து. ஐம்பது இல்லை, ஐந்து. ஐந்திலும் எது நன்றாக இருக்கிறது என்று பிள்ளையையே கேட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். நமக்குப் பிடித்ததையும் பிள்ளை வட்டம் போட்டதையும் ஒப்பிட்டால் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று புரியும். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் மிகப்பெரிய ‘ப’வுக்குத்தான் வட்டம் விழும்.

எழுதும்போது ஓசையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுதி முடித்ததும் “ப”. ஒவ்வொரு முறையும். கை தனியாக, காது தனியாகப் போனால் மறுபடி அந்தக் கீழ் டிவிசன் கதைதான்.

இடது கைக்காரப் பிள்ளை இருந்தால் கையை மாற்றாதீர்கள். சாப்பாட்டுக்கு எந்தக் கை என்பதை வீட்டில் பேசிக்கொள்ளட்டும், பென்சிலை விட்டுவிடுங்கள். கொப்பியைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் எழுதுவது தெரியும். பக்கத்தில் வலது கைக்காரரை நெருக்கி உட்காரவைக்கவேண்டாம், முழங்கை இடிக்கும்.

வரும் கோளாறுகள்

மூலை மழுங்கி ‘யூ’வாக வருவதுதான் அடிக்கடி பார்ப்பது. அதற்குத்தான் புதன்கிழமை மூலையில் நிறுத்தித் திருப்பினோம். திரும்பத் தரையில் நடக்க விடுங்கள், பென்சிலில் திருத்தப் பார்க்காதீர்கள். சில பிள்ளைகள் கீழிருந்து மேலே தொடங்குவார்கள். முடிந்த எழுத்தைப் பார்த்தால் சரியாகவே இருக்கும், எழுதும்போது பக்கத்தில் நின்றால்தான் தெரியும். இதை விடக்கூடாது. பிறகு ‘ம’, ‘ய’ எல்லாம் சிக்கலாகும்.

மூன்று கோட்டையும் தனித்தனியாகக் கையை எடுத்து எடுத்துப் போடுபவர்களுக்குத் தூள்தட்டில் இன்னும் இரண்டு நாள் விளையாட்டு. தலைகீழாகக் கவிழ்த்து எழுதினால் “ரோடு வானத்துலயா இருக்கு?” என்ற ஒரே கேள்வி போதும்.

‘ட’வையும் பிறகு வரும் மற்ற எழுத்துகளையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது இந்த வயதில் சாதாரணம். ஆறு, ஏழு வயதில் தானாகத் தேயும். அழிறப்பரை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எழுதுவதைவிட அழிப்பதில்தான் ருசி.

பட்டம்–வட்டம் விளையாட்டில் தடுமாறும் பிள்ளையைக் கவனித்து வைக்கச் சொன்னேன். இரண்டு மூன்று வாரம் ஆகியும் பிரிக்க முடியாவிட்டால், பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், காதைப் பார்க்கவேண்டும். சளியும் காது ஒழுகலும் எங்கள் ஈரக் காலநிலையில் நிறைய. மக்குப் பிள்ளை என்று நான் நினைத்த ஒன்றுக்குக் காதில்தான் கோளாறு இருந்தது. தோட்டத்து மிட்வைஃபிடம் சொன்னால் எங்கே காட்டலாம் என்று வழி சொல்வார்.

வீட்டில் பத்து நிமிடம்

கொழுந்து நிறுத்துப்போட்டு வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்குக் கை கால் விட்டுப்போயிருக்கும். அவரிடம் போய்க் கொப்பியில் இருபது வரி எழுத வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எழுதவைக்கவும் வேண்டாம். சமைக்கும்போது “அடுப்பங்கரையில ‘ப’ சாமான் என்ன இருக்கு?” என்று கேட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயியும் இதைச் செய்யலாம். விடுகதை, பழைய பாட்டு, கதை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது, ஓசை பிரிக்கும் காது அதில்தான் வளர்கிறது. பிள்ளைக்கு எழுத்து வர ஒன்றும் செய்யமுடியவில்லையே என்று கவலைப்பட்ட ஒரு அம்மாயிதான் என் வகுப்பில் அதிக ‘ப’ சொல் கொண்டுவந்த பிள்ளையின் அம்மாயி.

அடுத்தடுத்த வாரங்கள்

மூன்று எழுத்தும் ஓசையோடு உட்கார்ந்த பிறகு ‘ப’வுக்குக் கால் போடலாம். பால், பாண், பாட்டி. கால் என்பது ஓசையை நீட்டுவது என்று மட்டும் சொல்லி, ‘ப’ சொன்னால் கையைக் குறுக்கி, ‘பா’ சொன்னால் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் காலையும் ‘ர’வையும் பிள்ளைகள் குழப்புவார்கள், வால் இருந்தால் ‘ர’ என்று காட்டவேண்டும். பிறகு புள்ளி. புள்ளி வைத்தால் வாயை மூடிக்கொள்ளவேண்டும்: ‘ப்’. ‘அ’வை இந்த இடத்தில் கொண்டுவந்தால் ‘அப்பா’ வாசிக்கலாம். ‘அ’வுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், மாதம் ஒருமுறைதான் வருவார். அந்தச் சொல்லை முதல்தடவை வாசிக்கும்போது கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

யாராவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, “பம்பரத்துல ரெண்டாவது ‘ப’ வேற மாதிரி சொல்றோமே டீச்சர்” என்று கேட்கும். உண்மைதான். ‘ம்’முக்குப் பின்னால் வந்தால் ‘ப’ மெலிந்துவிடும். தம்பி, அம்பு, பாம்பு எல்லாம் அப்படித்தான். ‘க’வும் அதே கதை. ‘கங்காணி’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்து வல்லென்று நிற்கும், ‘ங்’குக்குப் பின்னால் வரும் ‘கா’ மெலிந்து வரும். கேட்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு விளக்கம் கொடுத்துக் குழப்பவேண்டாம், வாய் தானாகச் செய்துகொள்கிறது.

வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அடைமழை பிடித்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், திருவிழா வந்தால் யாருமே வரமாட்டார்கள். அப்போது இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் புது எழுத்துக்குப் போகுமுன், பழைய எழுத்தை மற்ற எழுத்துகளோடு கலந்து போட்டு, எது என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காட்டாமல் எழுதவும் சொல்லுங்கள்: “ப” என்று மட்டும் நான் சொல்வேன், பார்த்து எழுத எதுவும் இருக்காது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வந்தால் அடுத்த எழுத்து. மிச்ச இரண்டு பேருக்குப் பழைய எழுத்து விளையாட்டில் தொடரும், அவர்களுக்குத் தெரியாமலே.

‘ட’ வாரத்தில் மட்டும் கூடை காலியாக இருக்கும் என்று நினைத்தேன். தமிழில் சொல் இல்லை, நான் என்ன செய்ய என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். மறுநாள் ஒருத்தன் பழைய சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு வந்தான். இன்னொருத்தி டம்ளரைக் கொண்டுவந்தாள். மூன்றாவது பையன் கையில் ஒன்றும் இல்லை. “எங்க உன் சாமான்?” என்று கேட்டதும் மேசையில் இரண்டு கையாலும் தப்பு அடிக்கிற மாதிரி “டம் டம் டம்” என்று அடிக்கத் தொடங்கிவிட்டான்.

அவனை நிறுத்தத்தான் எனக்குப் பத்து நிமிடம் ஆனது.